வெறுங்கை எண்ணிய வெற்றிலை

மருந்துக்கடை வைத்திருந்தவனுக்கு ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம், எந்தப் பெரிய மனிதர் மாத்திரை இல்லாமல் தூங்கமாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பரமத்தி வேலூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் கடை நடத்தினேன். பிறகு மைத்துனன் கையில் கடையைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டு வந்துவிட்டேன். வந்த பிறகும் ஒருவர் பேரையும் வெளியில் சொன்னதில்லை. அதனால் இந்த அக்காவுக்கும் இங்கே பேர் கிடையாது. அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவருடைய தம்பிக்குக் காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. பறித்து வந்த இலையைத் தரம் பிரித்து, நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டுவது அக்காவின் வேலை. மண்டிக்கு இலை வரும் டெம்போவிலேயே மாதம் ஒரு முறை ஏறி வந்து என் கடையில் நிற்பார். உயரமான, ஒல்லியான உடம்பு. இலைச் சாறு ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். மருந்துச் சீட்டை நீட்டுவதற்கு முன்பே சுருக்குப் பையிலிருந்து போன மாதத்துக் காலி அட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வரிசையாகப் பரப்புவார்.

"எண்ணிப் பாத்துக்குங்க தம்பி."

"நான் என்ன வாத்தியாருங்களா? ஊட்டுப்பாடம் காட்டறீங்க."

"காட்டிப் போடறது நல்லதுங்க."

யாரும் அவரைக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் நான் எண்ணுவேன். ஒரு மாதம்கூட ஒரு குழியில் ஒரு மாத்திரை மிஞ்சி நான் பார்த்ததில்லை. இருமல் மருந்தையே மூன்று நாளில் மறந்துவிடும் ஊர் அது. இவர் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு வேளை தவறாமல் விழுங்கியிருந்தார்.

அவை மனச்சிதைவுக்கான மாத்திரைகள். கல்யாணமாகி நாமகிரிப்பேட்டைப் பக்கம் போன இரண்டாம் வருஷம் அவருக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஆணும் பெண்ணுமாக மூன்று பேர், எந்நேரமும் அவரைப் பற்றியே பேசுவார்களாம். கிணற்றுப் பக்கம் வா என்பார்களாம். கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார்கள், வேப்பிலை அடித்தார்கள், கட்டிப் போட்டார்கள், கடைசியில் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். தம்பிக்குக் கல்யாணமாகி வந்த பெண்தான் அவரை முதன்முதலாக நாமக்கல்லில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனவள். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவார்கள். அவள் அந்த வார்த்தையைச் சொல்வதைக் கேட்டாலே தெரியும், இவர்களுக்குள் சண்டை கிடையாது என்று.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதலில் தெரிந்தது ஒரு கேள்விதான். ஒருநாள் நான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே போன் மணி அடித்தது.

"உங்களுக்கும் கேக்குதுங்களா தம்பி?" என்றார்.

போனை எடுக்காததற்குக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து, "காது நல்லாத்தாங்க இருக்குது" என்றேன் கொஞ்சம் விறைப்பாக. அவர் கோபப்படவில்லை. "அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் இது நடந்தது. பஸ் ஹாரன், எங்கோ அழும் குழந்தை, கோயில் மைக், எதுவானாலும் ஒரு தரம் என்னிடம் கேட்டுக்கொள்வார். ஆமாம் என்றால் திரும்பிப் பார்ப்பார். இல்லை என்றால் ஈயை விரட்டுவது போலக் கையை ஒரு வீசு வீசிவிட்டு விட்ட பேச்சைத் தொடருவார். பழகிய பிறகு ஒருநாள் அவரே விளக்கினார்.

"எனக்கு அல்லாமும் ஒரே மாதிரித்தான் கேக்கும் தம்பி. மாத்திரை போட்டதுல இருந்து நெம்பக் கம்மி, ஆனா சுத்தமா நிக்கல. மத்தவங்களுக்கும் கேட்டா அது ஊரோடது. கேக்கலைன்னா அது என்ரது. என்ரதுக்குப் பதில் பேசக் கூடாது. அவ்ளோதானுங்க."

"ஊட்ல கேட்டுக்கறதில்லீங்களா?"

"ஊட்ல பாவம்னு எல்லாத்துக்கும் ஆமாங்கறாங்க. நீங்க கடைக்காரரு. எம்மேல உங்களுக்கென்ன பாவம்?"

இதைவிட நல்ல மரியாதையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. எங்கள் தெருவில் இதைக் கேலி பேசியவர்கள் உண்டு. பேக்கரிக்காரர் அவரைப் பார்த்தாலே, "ஏனுங்க, டீ குடிக்கறது உங்களுக்கும் தெரியுதுங்களா?" என்பார். அக்காவும் விடமாட்டார். "டீ தெரியுதுங்க. பால்தான் தெரியல" என்பார்.

ஒருநாள் காதில் சின்னதாக எதையோ மாட்டிக்கொண்டு ஒரு ஆள் எங்கள் கடை வாசலில் கையை ஆட்டி ஆட்டித் தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். அக்கா வெகுநேரம் அவனையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு ஆருகூடப் பேசறாரு, உங்களுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். போன் என்று சொன்னேன். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, "அப்பாடா. இப்ப அல்லாரும் தனியாப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. என்னைய ஆரும் திரும்பிப் பாக்கறதில்ல" என்றார். சிரித்தால் அவர் முகம் முழுவதும் சிரிக்கும். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர் என்னிடம் கோபப்பட்டது ஒரே ஒரு முறை. கடையில் நல்ல கூட்டம். ஏதோ கருகுகிற வாசம் வருகிறதா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் பேச்சை முடிக்க, "ஆமாங்க, வருது" என்று சொல்லிவிட்டேன். அக்கா எழுந்து போனார். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். பஸ் நிலையத்தைச் சுற்றி ஒவ்வொரு கடையாக ஏறி, எங்கே தீ என்று கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு நெசமாவே வாசம் வந்துச்சுங்களா?"

இல்லை என்றேன்.

"கண்ணு தெரியாதவளைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறவரு, குழி இருக்குதுன்னு சும்மா சொல்லலாமுங்களா?" என்றார். சத்தம் போடவில்லை. அடுத்த மாதம் வழக்கம் போல வந்து அட்டைகளைப் பரப்பினார். அதற்குப் பிறகு நான் அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு அவ்வளவு உறைத்தது. உண்மையைச் சொல்லித்தான் நான் அவரைக் குழியில் தள்ளினேன்.

அறுபதைத் தொட்ட சமயம் அக்கா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மடியில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உரசிக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் இதை யாரும் விசேஷமாகப் பார்க்கமாட்டார்கள். இலை எண்ணும் பெண்களுக்கு வெறுங்கையிலும் விரல் ஓடும். பஸ்ஸில் ஓடும், பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போது ஓடும். கட்டைவிரலால் ஒவ்வொரு இலையாகத் தள்ளித் தள்ளி எண்ணி வந்த பழக்கம் அது. தம்பி மனைவிகூட ஒருநாள் மருந்து வாங்க வந்தவள், "நங்கையா டிவி பாக்கறப்பக் கூட கவுளி கட்டறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த மாதம் காலி அட்டைகளை நான் எண்ணி முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

"கை தானா எண்ணுது தம்பி. நான் எண்ணச் சொல்லல. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணாடி மேசைக்கு மேலே நேராக நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் நுனி எல்லாம் பார்த்தேன். ஒரு அசைவில்லை. இவருக்கு இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தவன் அல்லவா. பார்த்ததைச் சொன்னேன்.

"இல்லீங்கக்கா. ஆடல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தனுங்க."

கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டார். "அப்ப என்ரதுதான்" என்றார். "இத்தனை நாளு காதோட நின்னுச்சு. இப்பக் கைக்கும் வந்துருச்சு."

அடுத்த மாதம் வந்த மருந்துச் சீட்டில் மாத்திரையின் அளவு கூடியிருந்தது. கூட வந்த தம்பி மனைவி சொன்னாள். நோய் திரும்புகிறது என்று அக்காவே டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கை தானாக அசைவது போல இருக்கிறது, ஆனால் அசையவில்லை, மருந்துக்கடைத் தம்பி நன்றாகப் பார்த்துவிட்டு இல்லை என்றுவிட்டார் என்று என்னைச் சாட்சியாக வைத்துப் பேசியிருக்கிறார். டாக்டரும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார், அங்கேயும் ஆடவில்லை. என் பேச்சு டாக்டர் வரைக்கும் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கூடுதல் மாத்திரையை என் கையாலேயே எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் அக்கா வேறு ஆளாகிவிட்டார். டெம்போவிலிருந்து இறங்கி என் கடைக்கு வர முன்பு ஒரு நிமிஷம் ஆகும். இப்போது பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வந்து சேர்வதற்குள் நான் இரண்டு பேருக்கு மருந்து கொடுத்துவிடுவேன். அவர் ஒரு கவுளி கட்டும் நேரத்தில் மற்றவர்கள் மூன்று கட்டினார்கள். வாய்க்கால் வரப்பில் கால் தடுக்கி விழுந்து தாடையில் தையல் போட்டிருந்தது. முழுவதும் சிரிக்கும் அந்த முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. பேக்கரிக்காரர் கேலி செய்தால் பதில் இல்லை. எல்லோரும் மாத்திரை மந்தம் என்றார்கள், கொஞ்ச நாளில் உடம்புக்குப் பழகிவிடும் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறொன்று. அவர் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். கடை வாசலில் இரண்டு லாரிகள் உரசிக்கொண்டு ஊரே கூடியது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு வருவது எல்லாமே தன்னுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது.

அடுத்த முறை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். கரூரில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற வழி. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முறைக்குக் கொடுக்க ஒரு கூடை வெற்றிலை எடுத்து வந்திருந்தார்கள். ஒரு கவுளி கட்டு அவிழ்ந்துவிட்டதால் தம்பி மனைவி அதை மறுபடி எண்ணிக் கட்ட ஆரம்பித்தாள். அவளுக்குப் பக்கத்தில் அக்கா. மடியில் விரல் ஓடிக்கொண்டிருந்தது. நான் மருந்தைப் பொட்டலம் கட்டியபடியே சும்மா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னவோ பொருந்தவில்லை. என்ன என்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. தம்பி மனைவியின் இடது கை இலையைப் பிடித்திருந்தது, வலது கட்டைவிரல் எண்ணிக்கொண்டிருந்தது. அக்காவின் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்தது இடது கை.

"ஏம்மா, எல எண்ணறது எப்பவும் வலது கைதானா?"

"ஆமாங்கண்ணா. இடது கை புடிக்கற கை. அது எண்ணாது."

"உங்க நங்கையாளுக்கும் அப்படித்தானா?"

"அவங்கதான் எனக்கு எண்ணவே சொல்லிக் குடுத்தாங்க."

"அப்புறம் அவங்களுக்கு ஏன் இடது கை எண்ணுது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்த இலையை அப்படியே மடியில் போட்டுவிட்டாள். நான் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷத்தில் வாடிக்கையாளர் பக்கம் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அக்கா வழக்கப்படி கையைத் தூக்கிக் காட்டப் போனார். தூக்கிய உடனே விரல் நின்றுவிட்டது.

"தூக்காதீங்கக்கா. அப்படியே மடியில போடுங்க."

போட்டார். ஐந்தாறு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் மெல்ல அசைந்தது, ஆள்காட்டி விரல் சேர்ந்துகொண்டது, நிற்காமல் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் பார்த்ததும் டாக்டர் பார்த்ததும் தூக்கிய கையை. இந்தக் கை சும்மா கிடக்கும்போது மட்டும்தான் ஆடுகிறது.

"அக்கா, ஆடுதுங்க. எனக்குத் தெரியுது. உங்க தம்பி சம்சாரத்துக்கும் தெரியுது. அன்னிக்கு நான் பாத்தது தப்புங்க."

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இது என்ரதில்லீங்களா? ஊரோடதுதானா?"

"ஊரோடதுதானுங்க. நெசமான நடுக்கம்."

அவர் அழுதார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. "என்ர தலை கெட்டுப் போகல" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கை கெட்டுப் போனதற்கு இப்படி நிம்மதிப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. தம்பி மனைவி அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கரூர் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயேவிட்டது.

நாமக்கல் டாக்டரிடம் நானே போனில் விவரம் சொன்னேன். அவர் உடனே பழைய அளவுக்குக் குறைத்து, சேலத்தில் ஒரு நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். செய்த தப்புக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டாக்டர் நாற்பது வயதுப் பெண். அக்காவின் கை இரண்டையும் மடியில் போட வைத்து, நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார். அக்கா தயங்கினார். வாழ்நாளெல்லாம் நூறு வரை எண்ணியவர், ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. "கட்டுன கவுளியப் பிரிக்கச் சொல்றாங்களே" என்று என்னைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். தொண்ணூற்றேழு வருவதற்குள் இடது கை நன்றாகவே ஓட ஆரம்பித்தது. அப்புறம் நடக்க வைத்தார், விரலைத் தட்ட வைத்தார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். ஒரு ஸ்கேனும் எடுத்தார்கள்.

"பார்க்கின்சன்ங்கற நடுக்குவாதம்" என்றார் டாக்டர். "ஆரம்ப நிலைதான்."

"இத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரையாலீங்களா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"அந்த மாத்திரையும் நடுக்கம் கொடுக்கும். அளவு கூடினதுல இறுக்கம் அதிகமானது அதனாலதான். ஆனா இவங்களுக்கு ஒரு பக்கமா ஆரம்பிச்சிருக்கு, ஸ்கேன்லயும் தெரியுது. மனச்சிதைவு இருந்தவங்களுக்கு வயசான காலத்துல இந்த நோய் மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமா வருதுன்னு இப்பத்தான் கவனிக்கறாங்க. மாத்திரையாலயா, மூளையோட வாகே அப்படியாங்கறது இன்னும் முழுசாத் தெரியல. நாம பண்ற தப்பு என்னன்னா, பழைய நோய் இருக்கறதால எது வந்தாலும் அதுமேலயே பழியைப் போட்டுடறோம்."

அவர் சொன்னதில் கஷ்டமான பகுதி அதற்குப் பிறகு வந்தது. மூளையில் இருக்கும் ஒரு சுரப்பின் வேகத்தை அடக்குவது பழைய மாத்திரையின் வேலை. நடுக்கத்துக்குக் கொடுக்கிற மருந்து அதே சுரப்பைக் கூட்டும். ஒன்றைத் தூக்கினால் மற்றது இறங்கும். நடுக்கத்தைப் பார்த்தால் குரல்கள் திரும்பலாம், குரல்களைப் பார்த்தால் உடம்பு மரக்கட்டையாகலாம். பழைய மாத்திரையை மெல்ல மெல்ல வேறு வகைக்கு மாற்றி, புது மருந்தைத் துளித் துளியாகக் கூட்ட வேண்டும் என்றார். அதற்கு இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்வார்கள். குரல் ஏதாவது கேட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றார்.

அக்காவின் தம்பிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் சத்தக்காரர். கடையில் வந்து, "அல்லாம் இந்த மாத்திரையாலதான். ரெண்டையும் நிறுத்திப் போட்டா உடம்பு தானாத் தேறிக்கும்" என்று கத்தினார். நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சிலிருந்து அக்கா பேசினார். குரல் மெலிந்துபோயிருந்ததால் நாங்கள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"நிறுத்துனா அவங்க மூணு பேரும் வந்துருவாங்க சாமி. உனக்கு அவங்களைத் தெரியாது. அவங்களோட இருக்கறதுக்கு என்ர கை ஆடிக்கிட்டே இருக்கட்டும்."

தம்பி மருந்துப் பொட்டலத்தைத் தானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நான்கைந்து மாதம் போனது. மாத்திரை மாறி, புது மருந்து ஏற ஏற அக்காவின் நடை நிமிர்ந்தது. டெம்போவிலிருந்து இறங்கி நேராக நடந்து வந்தார். வலது கட்டைவிரலுக்குப் பழைய வேகம் முக்கால்வாசி வந்துவிட்டதாகத் தம்பி மனைவி சொன்னாள். கேள்வியும் திரும்பி வந்தது. பஸ் கேட்கிறதா, மைக் கேட்கிறதா என்று முன்னைவிட அதிகமாகவே கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் ஆமாம் என்று சொல்ல முடிந்தபோது எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது.

ஒருநாள் கடையில் கூட்டமில்லாத மத்தியானம். "ஒரு பொம்பள பேசறா. உங்களுக்கும் கேக்குதுங்களா தம்பி?" என்றார்.

நான் காதைத் தீட்டினேன். பஸ் நிலையத்து இரைச்சல் இருந்தது, மின்விசிறிச் சத்தம் இருந்தது. வெளியே இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி மனம் போனது. இத்தனை பாடுபட்டு நிமிர்ந்த உடம்பு, இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் திரும்பிப் போய்விடுமோ என்ற பயம். திரும்பி வந்து, "இல்லீங்கக்கா. எனக்குக் கேக்கல" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். "போனப் போடுங்க, டாக்டருக்கு" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கே புது மருந்தில் அரை மாத்திரை குறைத்தார்கள், குரலுக்கான மாத்திரையில் சிறிது கூட்டினார்கள். அந்தப் பெண் குரல் நாலைந்து நாள் தேய்ந்துகொண்டே வந்ததாக அக்கா போனில் சொன்னார். அப்புறம் என்ன ஆனது என்று எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சேலத்துக்குப் போனோம். தம்பி மனைவிக்குத் தோட்டத்தில் ஆள் விட்டு இலை பறிக்கிற நாள், அதனால் நான் மட்டும் துணைக்குப் போனேன். பயத்தில் எனக்கு வாய் நிற்காது. ஏறியதிலிருந்து கரும்பு விலை, மைத்துனனின் குணம், ராசிபுரத்தில் என் மாமியார் கட்டிய வீடு என்று ஒன்றுவிடாமல் பேசிக்கொண்டே போனேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் பேசாமல் இருந்தது என்னை இன்னும் பேச வைத்தது.

டாக்டர் நடக்க வைத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குரல் ஏதாச்சும் கேக்குதாம்மா?"

அக்கா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேக்குதுங்க" என்றார்.

டாக்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எப்ப இருந்து?"

"வேலூர்ல பஸ்ஸு ஏறுனதுல இருந்துங்க."

"என்ன சொல்லுது?"

"கரும்பு வெலை சொல்லுதுங்க. மச்சினன் சரியில்லைங்குது. ராசிபுரத்துல ஒரு ஊட்டுக்கு எத்தனை ஜன்னல்னு சொல்லுது. நாமக்கல் தாண்டுனா நிக்கும்னு பாத்தேன், நிக்கல." ஆடாத வலது கையால் என்னைக் காட்டினார். "இந்தத் தம்பி தானுங்க. வேற ஆரும் ஒரு மாசமாப் பேசறதில்ல. இவருக்கு ஒரு மாத்திரை இருந்தா எழுதிக் குடுங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அக்காவின் முகம் இன்னும் இறுக்கம் முழுதாக விடவில்லை. வாயின் ஒரு ஓரம் மட்டும்தான் மேலே போனது, ஆனால் அது போய்க்கொண்டே இருந்தது. நான் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.